வாஞ்சூர் முதல் மியூனிக் வரை

நாகூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரைக்கால் பக்கம் போனால், சில நிமிடங்களில் வாஞ்சூர் வந்துவிடும். தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி யூனியன் பிரதேசம் தொடங்கும் இடம் அது. ஊர்ப் பெயர்ப் பலகை கண்ணில் படுவதற்கு முன்பே மதுக்கடைகளின் பலகைகள் தெரிந்துவிடும். வரி குறைவு, அதனால் விலையும் குறைவு. சாயங்காலமானால் டெல்டாவின் பைக்குகள் வரிசைகட்டி நிற்கும். வருகிறவர்கள் நின்றபடியே பாட்டிலைத் திறக்கிறார்கள், அவசரமாக முடிக்கிறார்கள், வண்டியை எடுக்கிறார்கள். என்ன குடித்தார்கள் என்று கேட்டால் பிராண்ட் பெயர் சொல்வார்கள். எப்படி இருந்தது என்று கேட்டால், "கிக் இருந்துச்சுண்ணே" என்பதோடு பதில் முடிந்துவிடும்.

இதே டெல்டாவிலிருந்து படிக்கவும் வேலை பார்க்கவும் ஜெர்மனி, பெல்ஜியம், டென்மார்க், நெதர்லாந்து என்று பிள்ளைகள் போய்க்கொண்டிருக்கிறார்கள். போன முதல் வருடமே அலுவலக நண்பர்களோ வகுப்புத் தோழர்களோ, "பீர் திருவிழாவுக்கு வர்றியா?" என்று கேட்பார்கள். 'பீர்' என்றதும் நம் பிள்ளையின் மனதில் வருவது வாஞ்சூர். கூப்பிடுகிறவரின் மனதில் இருப்பது வேறு. அந்த வித்தியாசம் என்ன என்பதுதான் இந்த வாரம்.

நம் கடற்கரைக்கு வந்த பீர் தேசங்கள்

பீர் குடிக்கும் ஐரோப்பா நமக்குத் தூரத்து உறவு அல்ல, பழைய பக்கத்து வீடு. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் 1620-ல் ஒப்பந்தம் போட்டு இறங்கினார்கள். நாகப்பட்டினத்தை 1658-ல் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1739-ல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனது. தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்து, தமிழ் கற்று, அச்சகம் நடத்திய சீகன்பால்கு ஒரு ஜெர்மானியர். நாகூரை நடுவில் வைத்து, ஒரே நாளில் பைக்கில் போய்வரக்கூடிய தூரத்துக்குள் நான்கு தேசத்துக் கதைகள்!

1845-ல் தரங்கம்பாடியை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டு டென்மார்க் கிளம்பியது. அடுத்த இரண்டே ஆண்டுகளில், 1847-ல், கோபன்ஹேகன் அருகே ஜேக்கப்சன் என்பவர் தொடங்கிய ஆலைதான் கார்ல்ஸ்பெர்க். அங்கே ஓர் ஆய்வுக்கூடமும் இருந்தது. நல்ல ஈஸ்ட்டோடு கெட்ட ஈஸ்ட்டும் கலந்து பீர் பாழாவதைப் பார்த்த எமில் ஹான்சன், 1883-ல் ஒரே வகை ஈஸ்ட்டைத் தனியாகப் பிரித்து வளர்த்தார். அந்த ஈஸ்ட்டைப் பூட்டிவைக்காமல் மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தது கார்ல்ஸ்பெர்க். வேதியியல் பாடத்தில் வருகிற பிஹெச் அளவுகோலும் 1909-ல் இதே ஆய்வுக்கூடத்தில் பிறந்ததுதான். பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் தைரியமாகச் சொல்லலாம்.

மாவு புளிக்கிற கதைதான்

பீர் செய்வது நம் அடுக்களைக்கு அந்நியமான வித்தை இல்லை. கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து, வறுத்துக் கஞ்சி மாவு அரைப்போம் அல்லவா? பார்லியையும் அப்படித்தான் முளைகட்டி உலர்த்துகிறார்கள். அதற்குப் பெயர் மால்ட். அதை நொறுக்கி வெந்நீரில் ஊறவைத்தால் இனிப்புச் சாறு இறங்கும். அதில் ஹாப்ஸ் என்ற கொடியின் பூக்கூம்பைப் போட்டுக் கொதிக்கவைத்தால் கசப்பும் வாசனையும் ஏறும். ஆறியதும் ஈஸ்ட். அது சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாகவும் நுரையாகவும் மாற்றும். பவேரியாவில் 1516-ல் போட்ட சட்டம் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் ஆகிய மூன்றை மட்டுமே அனுமதித்தது. ஈஸ்ட் என்று ஒன்று வேலை செய்கிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. நம் பாட்டிகளுக்கும் தெரியாது. ஆனாலும் மாவு புளித்தது.

பெல்ஜியத்தின் 'லாம்பிக்' இன்றும் அந்தப் பாட்டி முறையில்தான் நடக்கிறது. பிரஸ்ஸல்ஸ் வட்டாரத்தில் குளிர்கால இரவுகளில், கொதித்த சாற்றை அகலமான திறந்த தொட்டியில் ஊற்றி ஆறவிடுகிறார்கள். காற்றில் இருக்கும் நுண்ணுயிரிகள் தாமாக வந்து விழுந்து புளிக்கவைக்கும். அதன்பிறகு மரப்பீப்பாயில் வருடக்கணக்கில் காத்திருப்பு. குடித்துப் பார்ப்பவருக்கு முதலில் வருவது நன்றாகப் புளித்த மோரின் நினைவுதான்.

ஒரு பால்காரர் மீட்ட ருசி

'கிராஃப்ட் பீர்' என்பது ஏதோ பணக்கார ஃபேஷன் என்று தோன்றலாம். அது தொடங்கியது ஓர் இழப்பிலிருந்து. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெரிய ஆலைகள் சின்ன ஆலைகளை விழுங்கின. ஊருக்கு ஊர் இருந்த ருசி போய், எங்கு குடித்தாலும் ஒரே மஞ்சள் பீர் என்றானது.

பெல்ஜியத்தின் ஹூகார்டன் கிராமத்தில் கோதுமை, கொத்தமல்லி விதை, ஆரஞ்சுத் தோல் போட்டு வெள்ளை பீர் செய்வது நூற்றாண்டுகளாக இருந்த வழக்கம். 1950-களில் கடைசி ஆலையும் மூடப்பட்டது. இளவயதில் அந்த ஆலையில் கைவேலை பார்த்திருந்த பியர் செலிஸ் என்ற பால்காரருக்கு மனசு கேட்கவில்லை. 1966-ல் தானே செய்து விற்கத் தொடங்கினார். இன்று 'விட்பியர்' உலகமெங்கும் கிடைக்கிறது என்றால், அதன் பின்னால் இருப்பது அந்தப் பால்காரர்.

இங்கிலாந்தில் 1971-ல் நான்கு நண்பர்கள் சேர்ந்து, பீப்பாயிலேயே முதிரும் உள்ளூர் பீரைக் காப்பாற்ற 'கேம்ரா' என்ற நுகர்வோர் இயக்கத்தை ஆரம்பித்தார்கள். சின்ன ஆலைகளின் பீப்பாய்களை ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவந்து, மக்களைக் கூப்பிட்டு ருசிக்கவைப்பதுதான் அவர்கள் கண்ட வழி. 1977-ல் 'கிரேட் பிரிட்டிஷ் பீர் ஃபெஸ்டிவல்' பிறந்தது. டென்மார்க்கில் 2006-ல் மிக்கெல் போர்க் பியர்கசோ என்ற பள்ளி ஆசிரியர், சமையலறைப் பரிசோதனையில் தொடங்கி, சொந்த ஆலையே இல்லாமல் அடுத்தவர் ஆலையை வாடகைக்கு எடுத்து 'மிக்கெல்லர்' பீர்களைச் செய்தார். இந்தியாவில் இந்த அலை 2009-ல் புனேயின் 'டூலாலி'யில் ஆரம்பித்து, அடுத்த சில ஆண்டுகளில் பெங்களூரைப் பிடித்துக்கொண்டது.

இரண்டு வகைத் திருவிழா

பீர் திருவிழாக்கள் எல்லாம் ஒன்றல்ல. ஒன்று, ஊர்த் திருவிழா. மியூனிக்கின் அக்டோபர்ஃபெஸ்ட் 1810-ல் பவேரிய இளவரசர் லூட்விக்கின் கல்யாணத்துக்கு நடந்த குதிரைப் பந்தயத்தில் தொடங்கியது. இப்போது செப்டம்பர் நடுவில் ஆரம்பித்து அக்டோபர் முதல் வாரம்வரை நடக்கிறது. 60 முதல் 70 லட்சம் பேர் வருகிறார்கள். மியூனிக் நகரத்தின் ஆறு ஆலைகளின் பீருக்கு மட்டுமே அங்கே அனுமதி. ஒரு லிட்டர் கண்ணாடிக் குவளைக்குப் பெயர் 'மாஸ்' (சினிமா ரசிகர்கள் மன்னிக்க!). ராட்டினம், பேண்டு வாத்தியம், சுட்ட கோழி, பாட்டி, பேரன் என்று அது முழுக்க முழுக்கக் குடும்ப விழா. செவ்வாய்க்கிழமைகளில் குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகைகூட உண்டு. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் இரவு எட்டு மணிக்கு மேல் பீர் கூடாரத்துக்குள் இருக்கக்கூடாது என்ற விதியும் உண்டு.

இன்னொன்று, ருசித் திருவிழா. செப்டம்பர் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸின் கிராண்ட் பிளாஸ் சதுக்கத்தில் நடப்பது, பெல்ஜியத்தின் 'சைதோஸ்', நெதர்லாந்தின் இலையுதிர்கால பொக்பியர் விழா எல்லாம் இந்த ரகம். இங்கே லிட்டர் கணக்கு கிடையாது. சின்னக் கண்ணாடிக் குவளை ஒன்று தருவார்கள். டோக்கன் வாங்கி ஒவ்வொரு கடையாகப் போக வேண்டியதுதான். பீரைச் செய்தவரே பல இடங்களில் எதிரே நிற்பார். அவரிடம் பேசலாம், கேட்கலாம். பெல்ஜியத்தின் பீர் பண்பாட்டை 2016-ல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது இந்தப் பேச்சுக்கும் பழக்கத்துக்கும் சேர்த்துத்தான்.

முதல் முறை போகிறீர்களா?

* வயிறு காலியாகப் போகாதீர்கள். ஒவ்வொரு குவளைக்கும் நடுவில் தண்ணீர் குடியுங்கள்.

* லேசானதில் தொடங்குங்கள். செக் நாட்டின் பில்சன் நகரில் 1842-ல் பிறந்த பொன்னிற பில்ஸ்னர் நல்ல ஆரம்பம். அடுத்து ஜெர்மன் கோதுமை பீர். வாழைப்பழமும் கிராம்பும் கலந்த வாசனை, பழம் சேர்க்காமலே ஈஸ்ட் தருவது. லைப்சிக் நகரத்து 'கோஸ'வில் உப்பும் கொத்தமல்லி விதையும் உண்டு. வேதாரண்யம் உப்பளம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது சட்டென்று பிடிபடும். பாம்பெர்க் ஊரின் புகை பீர், விறகடுப்பு மூட்டிய அடுக்களையை ஞாபகப்படுத்தும். கறுத்த ஸ்டவுட்டில் காபி வாசம் வரும். கனமானவையும் புளிப்பானவையும் கடைசியில்.

* லேபிளில் சதவீதத்தைப் பாருங்கள். 5% பீர் அரை லிட்டரில் 25 மில்லி ஆல்கஹால். பெல்ஜியத்தின் 9% 'டிரிப்பல்' 330 மில்லி பாட்டிலில் ஏறக்குறைய 30 மில்லி. சின்ன பாட்டில்தானே என்று இரண்டாவதைத் திறந்தால் கணக்கு எகிறிவிடும்.

* குவளைக்கு முன்பணம் கேட்டால் கொடுங்கள். திருப்பித் தந்தால் பணம் திரும்பும். போகவர ரயில், டிராம் மட்டும்.

* குடிக்கும் பழக்கம் இல்லையா? அதற்காக ஒதுங்கி நிற்க வேண்டாம். மியூனிக் கூடாரங்களில் ஆல்கஹால் இல்லாத பீரும், ஆப்பிள் சாறும், எலுமிச்சை சோடாவும் கிடைக்கும். ஒன்று மட்டும் கவனம்: ஜெர்மனியில் 0.5% வரை இருந்தாலும் 'ஆல்கஹால் இல்லாதது' என்று எழுதலாம். மார்க்கத்துக்காகவோ மருந்துக்காகவோ துளியும் கூடாது என்பவர்கள் '0.0' என்று போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அல்லது சாறு கேட்க வேண்டும். ஏன் குடிக்கவில்லை என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

ஐரோப்பாவில் எல்லாம் சரி என்று நினைக்கவும் வேண்டாம். அக்டோபர்ஃபெஸ்ட் மைதானத்துக்குப் பின்னாலிருக்கும் புல்மேட்டில் நிதானமிழந்து விழுந்து கிடப்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கலாம். எவ்வளவு குறைவாகக் குடித்தாலும் அது உடல்நலத்துக்குப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. கிராஃப்ட் பீருக்கு அதில் விதிவிலக்கு இல்லை.

நாகூருக்குத் தெரிந்த விஷயம்

திருவிழா என்றால் என்ன என்று நாகூருக்கு மியூனிக் சொல்லித்தர வேண்டியதில்லை. கந்தூரியின் 14 நாள்களும் ஊர் தூங்காது. நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் வடிவ ரதங்களோடு கொடி ஊர்வலம் வரும். பிறகொரு நாள் விடிய விடிய சந்தனக்கூடு வரும். தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிங் கட்டிக்கொடுத்த 131 அடி மினாராவுக்குக் கீழே எல்லா மதத்து மக்களும் நிற்பார்கள். தெருவில் இறால் வாடா எண்ணெயில் பொரியும். ஒரு சொட்டு மது கிடையாது. உற்சாகத்துக்கும் குறைவு கிடையாது.

கூட்டம், இசை, சாப்பாடு, சொந்த ஊரின் ருசி, நேரம் எடுத்துக்கொண்டு பேசுவது. இவையெல்லாம் இருக்கும் இடத்தில்தான் ஐரோப்பியர்கள் பீரையும் ஒரு பொருளாக வைத்திருக்கிறார்கள். வாஞ்சூரில் இவை எதுவும் இல்லை, மது மட்டும் இருக்கிறது. என்ன ருசி, யார் செய்தது, எத்தனை சதவீதம் என்று கேட்க ஆளும் இல்லை, சொல்ல ஆளும் இல்லை. கேட்கத் தெரிந்தவர் பெரும்பாலும் அளவோடு நிறுத்திக்கொள்கிறார். கிக் மட்டுமே தெரிந்தவருக்கு நிறுத்த இடம் தெரிவதில்லை. அதன் கணக்கைத் தீர்ப்பது வீட்டில் காத்திருக்கும் பெண்கள்.

வெளிநாட்டுக்குக் கிளம்பும் பிள்ளையிடம் "குடிக்காதே" என்று ஒரு வார்த்தையில் முடிப்பது எளிது. பிள்ளையும் "சரிம்மா" என்று சொல்லிவிடும். அதைவிட, அங்கே இப்படியொரு விழா உண்டு, குடித்தாலும் குடிக்காவிட்டாலும் தலை நிமிர்ந்து போய்வரலாம், எதுவானாலும் வீட்டில் மறைக்க வேண்டாம் என்று உட்காரவைத்துப் பேசிவிடலாம். சந்தனக்கூடு கூட்டத்தில் தோளில் தூக்கிவைத்து வேடிக்கை காட்டிய பிள்ளைதானே அது!

(மது அருந்துதல் உடல்நலத்துக்குக் கேடு, தமிழ்நாட்டில் 21 வயதுக்குட்பட்டவர்களுக்கு மது விற்பது குற்றம்.)