முதற் சுற்றும் முடிசூட்டும்

எம் வீட்டு விறாந்தையிலே மாணவர் இருவர் ரெனிஸ் பற்றி வாதிட்டனர். பெரும் போட்டியொன்றின் முதற் சுற்றிலேயே பெயர்பெற்ற வீரரொருவர் வீழ்ந்துவிட்டாராம். "இனி அவர் எழமாட்டார்" என்றான் ஒருவன். மற்றவனோ வென்ற இளைஞருக்கு அப்போதே முடிசூட்டிவிட்டான்!

நாம் இராமநாதன் கிருஷ்ணனை நினைவூட்டினோம். நாகர்கோவிலிற் பிறந்த அத் தமிழர், 1954இல் விம்பிள்டன் இளையோர் இறுதியாட்டத்தில் அவுஸ்திரேலியரான அஷ்லி கூப்பரை வென்றார். அன்று கேட்டிருந்தால் நாமும் கிருஷ்ணனையே வருங்கால வாகையர் என்றிருப்போம். ஆயின் 1958இல் ஆடவர் கிண்ணத்தை ஏந்தியவர் கூப்பர். கிருஷ்ணன் 1960, 1961 ஆகிய ஈராண்டும் அரையிறுதி கண்டார். 1961 காலிறுதியில் ரோய் எமர்சனை நேர் செற்களில் வீழ்த்தினார். தரவரிசையில் நான்காமிடம் பெற்று ஆடிய 1962இலோ கணுக்கால் நோவினால் இடையிலே விலகினார். கணுக்காலை எந்தக் கணிப்பிற் சேர்ப்பது?

"முதற் சுற்றில் வீழ்ந்த வாகையர் உண்டா?" என்றான் முதலாமவன். 1967இல் சார்ளி பசரெலிடம் தோற்ற மனுவல் சந்தானாவைக் கூறினோம். சந்தானா பின்னர் விம்பிள்டனை வெல்லவில்லை. பசரெலோ ஒருபோதுமே வெல்லவில்லை. முதலாமவன் முகம் மலர்ந்தது. மற்றவன் ஆறிய தேநீரைக் குடித்தான்.