விடுப்பு முப்பது நாள், கருமுட்டைக்கு ஒரு நாள்



சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில், வார நாள் திருப்பலி முடிந்ததும் ஒரு சகோதரி பங்கு இல்லத்துக்கு வந்தார். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே உள்ள ஒரு கிராமம். திருமணமாகி ஆறு ஆண்டுகள். கணவர் துபாயில் வேலை செய்கிறார். (இருவருடைய சம்மதத்துடன், அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன்.) கையில் ஒரு மருத்துவமனைக் கோப்பு, அதன் மேல் ஒரு நாட்காட்டித் தாள்.

"ஃபாதர், அவரு 14ஆம் தேதி வர்றாரு. முப்பது நாள் லீவு. டாக்டரம்மா மாத்திரை, ஸ்கேன், ஊசி எல்லாத்துக்கும் தேதி குறிச்சுக் குடுத்துட்டாங்க. அதுல எது செய்யலாம், எது செய்யக் கூடாதுன்னு சொல்லுங்க" என்றார்.

குருமடத்தில் நான்கு ஆண்டுகள் இறையியல் படித்தவன் நான். ஆனாலும் அந்தத் தாளைப் புரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. நம் பங்குகளில் இதே தாளைக் கைப்பையில் வைத்திருக்கும் தம்பதியர் பலர் இருப்பதால், புரிந்துகொண்டதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

மாதவிலக்கின் மூன்றாம் நாளிலிருந்து ஐந்து நாள் மாத்திரை. குளோமிஃபென் அல்லது லெட்ரோசோல் தருவார்கள். (லெட்ரோசோலை இதற்குப் பயன்படுத்த மத்திய அரசு 2011இல் தடை விதித்தது, 2017இல் தடை நீக்கப்பட்டது.) சினைப்பையில் கருமுட்டை வளர்வதற்கே இந்த மாத்திரை. பத்தாம் நாள் முதல் ஒன்றுவிட்டு ஒரு நாள் ஸ்கேன். முட்டைப்பை சுமார் 18 மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்ததும் எச்.சி.ஜி. ஊசி. ஊசி போட்டு ஏறக்குறைய 36 மணி நேரத்தில் கருமுட்டை வெளியே வரும். வந்தபின் அது உயிரோடு இருப்பது 12 முதல் 24 மணி நேரம்தான். ஆணின் உயிரணுவோ பெண்ணின் உடலில் மூன்று நாள், சில வேளை ஐந்து நாள்கூட வாழும். ஆகவே கருமுட்டை வருமுன்பே உயிரணு காத்திருக்க வேண்டும். தேதிக் கணக்கு முழுவதும் இதற்காகத்தான்.

அவருடைய தாளில் இதைப் பொருத்திப் பார்த்தேன். மாதவிலக்கு 12ஆம் தேதி. கணவர் வந்திறங்கும் 14ஆம் தேதி முதல் மாத்திரை. 24ஆம் தேதி இரவு ஊசி. 26ஆம் தேதி காலை ஐ.யூ.ஐ., அதாவது கணவரின் விந்தை ஆய்வகத்தில் கழுவி, மெல்லிய குழாய் மூலம் கருப்பைக்குள் செலுத்துவது. முப்பது நாள் விடுப்பில் பயன்படக்கூடிய நாள் ஏறக்குறைய ஒன்றே ஒன்று! அடுத்த மாதக் கருமுட்டை வரும்போது அவர் துபாயில் இருப்பார்.

இனி அவர் கேட்ட கேள்வி. திருச்சபை மருந்துக்கே எதிரானது என்று நம்மவர் பலர் நினைக்கிறார்கள். அது தவறு. 2008ஆம் ஆண்டு விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட 'திஞ்ஞித்தாஸ் பெர்சோனே' என்னும் ஏடு, குழந்தைப்பேற்றுக்குத் தடையாக இருப்பதை அகற்றும் ஹார்மோன் சிகிச்சை, கருக்குழாய் அடைப்பை நீக்கும் அறுவை சிகிச்சை போன்றவற்றை வெளிப்படையாகவே ஏற்கிறது. இன்னொரு செய்தி சிலருக்கு வியப்பாக இருக்கும். பெர்கோனால் என்ற பழைய கருவள மருந்து மாதவிலக்கு நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அதற்காக இத்தாலியில் கன்னியர் மடங்களில் முதிய அருட்சகோதரிகளிடம் சிறுநீர் சேகரித்தார்கள்! பிள்ளை பெறாத அக்கன்னியரின் உடலிலிருந்து எத்தனையோ தாய்மாருக்கு மருந்து கிடைத்தது.

ஆக மாத்திரையும் சரி, ஸ்கேனும் சரி, ஊசியும் சரி. சிக்கல் 26ஆம் தேதி காலையில்தான். 1987இல் வெளிவந்த 'தோனும் வித்தே' போதனை, தாம்பத்திய உறவுக்குத் துணை நிற்கும் மருத்துவத்தை ஏற்கிறது. அந்த உறவுக்குப் பதிலாக வரும் நுட்பத்தை, கணவருடைய விந்தாகவே இருந்தாலும், ஏற்பதில்லை. ஐ.யூ.ஐ.யை எந்த முறையில் செய்தால் துணையாகும், எப்போது மாற்றாகும் என்று இறையியலாளரிடையே விவாதம் உண்டு. ஆனால் வழக்கமாக மருத்துவமனையில் நடக்கும் முறை மாற்றுதான் என்பதில் ஐயமில்லை.

இதை அந்தச் சகோதரியிடம் சொன்னபோது என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. ஆறு ஆண்டுகளாக மாமியாரின் வாய்க்கும் ஊராரின் கண்ணுக்கும் பயந்து வாழ்பவரிடம் ஏட்டை எடுத்து நீட்டுவது எளிது. சாமுவேலின் தாய் அன்னாவைக் குடிகாரி என்று தவறாக எண்ணியவர் ஒரு குருவே.

எனவே வேறொன்று கேட்டேன். "உன் வீட்டுக்காரருக்குப் பரிசோதனை செஞ்சாங்களாம்மா?" போன விடுப்பிலேயே செய்திருந்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. குறை கருமுட்டை ஒழுங்காக வெளிவராததுதான். அப்படியானால் இதே மாத்திரை, இதே ஊசி, இதே நேரம், ஐ.யூ.ஐ. மட்டும் இல்லாமல் வீட்டிலேயே கணவனும் மனைவியும் சேர்ந்திருப்பதும் மருத்துவர்கள் ஏற்கும் சிகிச்சைதானே? கருமுட்டைக் குறை மட்டும் உள்ளவர்களுக்கு முதலில் சொல்லப்படுவதே இதுதான். அந்தத் தாளில் அது இல்லை. அவரும் கேட்கவில்லை. கேட்டபோது மருத்துவர் தயங்காமல், "தாராளமாக, இரண்டு மூன்று மாதம் பார்க்கலாம்" என்றாராம். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள் என்பதே நான் பங்கு மக்களிடம் வேண்டுவது. கணவருக்கான சோதனையை முதலில் செய்யச் சொல்லுங்கள். அதற்கான மாதிரியைத் தாம்பத்திய உறவின் வழியாகவே பெறவும் முறை உண்டு. ஸ்கேனில் எத்தனை முட்டைப்பைகள் வளர்ந்திருக்கின்றன என்று கேளுங்கள். மூன்று, நான்கு என்றால் அந்த மாதத்தை விட்டுவிடுவதே நல்லது. பின்னர் கருவில் ஒன்றிரண்டைக் 'குறைக்கலாம்' என்ற பேச்சு வரும், அது கொலைதான்.

மாதத்துக்கு ஒரு நாள்தான் என்ற நெருக்கடிக்கு மருத்துவமனையில் வேறொரு விடையும் வைத்திருந்தார்கள். கணவர் புறப்படுமுன் விந்தை எடுத்து உறைநிலையில் சேமித்தால், அவர் துபாயில் இருக்கும்போதே அடுத்தடுத்த மாதங்களில் செலுத்தலாம். செலவு மிச்சம், விடுப்பும் மிச்சம். கணவரே இதற்கு ஏறக்குறைய ஒப்புக்கொண்டுவிட்டார். வேண்டாம் என்றவர் மனைவி. "அவரு அங்க ஷிப்டுல நிப்பாரு, நான் இங்க மேசையில படுத்திருப்பேன். புள்ளைகிட்ட என்னன்னு சொல்றது ஃபாதர்?" என்று கேட்டார். 'தோனும் வித்தே' பல பக்கங்களில் விளக்குவதை அவர் ஒரே கேள்வியில் சொல்லிவிட்டார்.

இங்கே குற்றத்தை மருத்துவர்மீது மட்டும் போட எனக்கு மனமில்லை. ஆண்டுக்கு ஒரு மாதம்தான் கணவனும் மனைவியும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாம் என்று வைத்தது வேலையில்லாத நம் ஊரும், கடனும், தங்கைகளின் கல்யாணச் செலவும்தான். வெளிநாட்டுப் பணத்தில் கட்டிய ஆலய மண்டபங்களைத் திறந்துவைத்தவர்களில் நானும் ஒருவன்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். 2021ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி ஐ.யூ.ஐ. மட்டும் செய்யும் சிறு மருத்துவமனையும் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். அதே 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் கருமுட்டைகள் திரும்பத் திரும்ப எடுத்து விற்கப்பட்டது வெளிவந்ததை மறந்துவிட வேண்டாம். குழந்தைக்கான ஏக்கத்தைச் சுற்றி எப்படிப்பட்ட சந்தை உருவாகும் என்பதற்கு அது சாட்சி.

ஆகஸ்டு 24ஆம் தேதி இரவு அவர்கள் ஊசிக்காகக் கடலூர் போய்த் திரும்பினார்கள். வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்காக நடந்து செல்லும் பக்தர்கள் காவி உடையில் சாலையோரம் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்களாம். அங்கே தொட்டில் கட்டும்படி ஒரு பாட்டியிடம் காசு கொடுத்தனுப்பினார் அந்தச் சகோதரி. கோணாங்குப்பத்தில் பெரியநாயகி அன்னையிடம் வேண்டிப் பிள்ளை பெற்ற கச்சிராயரின் கதையைக் கேட்டு வளர்ந்த மண் அல்லவா இது!

செப்டம்பர் 8, மாதாவின் பிறப்பு விழாவுக்கு இருவரும் திருப்பலிக்கு வந்தார்கள். மறுநாள் மாதவிலக்கு வந்துவிட்டது. 13ஆம் தேதி கணவர் விமானம் ஏறினார்.

சென்ற வாரம் அவர் மீண்டும் வந்தார், கையில் புதிய நாட்காட்டித் தாளோடு. இம்முறை கணவருக்கு 45 நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது, சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்களாம். இரண்டு முறை முயன்று பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.