இல்லாததை இல்லை எனல்

புறநானூற்றில் 266ஆம் பாடலை அடுத்து நாம் படிப்பது 269ஆம் பாடல். இடையிலிருந்த இரண்டும் சுவடிகளில் கிடைக்கவில்லை. 1894இல் நூலை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர் எண்களை நெருக்கி அந்த இடைவெளியை மறைத்துவிடவில்லை. முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்காத நூலை இன்றும் பதிற்றுப்பத்து என்றே அழைக்கிறோம். இந்தப் பதிப்பு நேர்மை கணினி நிரல் எழுதுவோர்க்கும் வேண்டும் என்பது நம் கருத்து.

திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டியை எடுத்துக்கொள்வோம். இரும்பு உருக்கும் ஆலைகள் மிகுந்த அந்தத் தொழிற்பகுதியில் காற்றின் தரத்தை இடைவிடாது அளக்கும் நிலையம் உண்டு. அத்தகைய நிலையமொன்றின் அளவுகளைப் படிக்கப் பைத்தான் மொழியில் ஒரு ‘கிளாஸ்’ எழுதுவதாகவும், மணிக்கொரு கோப்பு வருவதாகவும் வைத்துக்கொள்வோம். மின்சாரம் நின்றால் அந்த மணிக்குரிய கோப்பு வராது. அவ்விடத்தில் சுழியத்தை இட்டுவிடுவது எளிது. நிரலும் தடையின்றி ஓடும். ஆனால் நுண்துகள் சுழியம் என்றால் காற்று தூயது என்றே பொருள். கருவி உறங்கிய இரவு, ஊரின் மிகத் தூய இரவாகப் பதிவாகிவிடும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014இல் வகுத்த காற்றுத் தரக் குறியீடு இதை உணர்ந்திருக்கிறது. குறைந்தது 3 மாசுகளின் அளவு வேண்டும். அவற்றுள் ஒன்று நுண்துகளாக இருக்க வேண்டும். 24 மணி நேரச் சராசரிக்கு 16 மணி நேரத் தரவாவது வேண்டும். இல்லையேல் குறியீடு கணிக்கப்படுவதில்லை.

நிரலின் வடிவமைப்பிலும் இந்த ஒழுங்கு வேண்டும். நிலையத்தின் அமைவுக் கோப்பு கட்டாயமானது. அது இல்லையேல் நிரல் தொடக்கத்திலேயே நின்று காரணம் சொல்லட்டும். கோப்பு இல்லாமைக்கென்றே தனிப் பிழைவகை பைத்தான் 3.3 (2012) முதல் இருக்கிறது. காற்றின் திசை கூறும் கோப்பு இருந்தால் நலம், இல்லாவிடினும் பணி நடக்கும். அவ்விடத்தில் ‘நன்’ என்னும் இன்மைக் குறி நிற்கட்டும். விடுபட்ட மணிகளின் பட்டியலும் முடிவோடு சேர்ந்தே வரட்டும். எல்லாப் பிழைகளையும் ஒருசேர விழுங்கும் வெற்று ‘எக்ஸெப்ட்’ மட்டும் கூடவே கூடாது. கோப்பு இல்லை என்பதும், இருந்தும் திறக்க அனுமதி இல்லை என்பதும் வெவ்வேறு செய்திகள்.

நிரல் முறியாமல் ஓடுவதையே பக்குவம் என்று கருதுவோர் உண்டு. ஓடினால் போதாது, தன் அறியாமையையும் அது சொல்ல வேண்டும். தொலைந்த பாடலால் நாம் ஒரு கவிதையை இழந்தோம். தொலைந்த மணியைச் சுழியமாக்கினால், அந்த மணியில் இருமிக்கொண்டிருந்தவரின் முறையீடு சான்றற்றுப் போகும்.