நீங்கள் கேட்டவை: ‘கரும்புகை தள்ளும் பெட்ரோல் வேன்... பம்ப்பை மாற்றத்தான் வேண்டுமா?’

‘‘காய்கறி ஏற்றும் பழைய எம்.பி.எஃப்.ஐ பெட்ரோல் வேன் வைத்திருக்கிறோம். சூடான வண்டியை நிறுத்தினால், மறுபடி உடனே ஸ்டார்ட் ஆவதில்லை. கரும்புகை வருகிறது. மைலேஜும் குறைந்துவிட்டது. பெட்ரோல் பம்ப்பை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். வேறு வழி இருக்கிறதா?’’

- வாசகர், ஒட்டன்சத்திரம்.

பம்ப் பலவீனமானால் இன்ஜினுக்குப் பெட்ரோல் குறையும், வண்டி இழுக்காது. கரும்புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று பொருள். எனவே, பம்ப்புக்குச் செலவு செய்யும் முன் ஏர் ஃபில்டரையும் ஃபியூயல் பிரஷர் ரெகுலேட்டரையும் பார்த்துவிடுவது நல்லது.

பழைய வண்டிகள் பலவற்றில், இன்ஜெக்டர்கள் பொருத்திய குழாயின் முனையில் ரெகுலேட்டர் இருக்கும். மிஞ்சும் பெட்ரோலை ரிட்டர்ன் குழாய் வழியாக டேங்குக்குத் திருப்பி, அழுத்தத்தைச் சீராக வைப்பது இதன் வேலை. இதன் தலையில் ஒரு சிறிய வேக்குவம் ஹோஸ் இருக்கும்.

முதல் சோதனைக்குக் கருவி வேண்டாம். வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, இன்ஜினை ஆறவிடுங்கள். பீடி, அடுப்பு எதுவும் அருகில் கூடாது. வேக்குவம் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரமோ, கடும் வாசனையோ இருந்தால் ரெகுலேட்டரின் உள்ளே உள்ள டயஃப்ரம் கிழிந்துவிட்டது. ரெகுலேட்டரை மாற்ற வேண்டியதுதான்.

ஹோஸ் காய்ந்திருந்தால், அடுத்தது பிரஷர் கேஜ் சோதனை. இதை மெக்கானிக்கிடமே விடுங்கள். பம்ப் ஃபியூஸை எடுத்து, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட்டி அழுத்தத்தை இறக்கிய பிறகே குழாயைக் கழற்ற வேண்டும். பிறகு கேஜை மாட்டி, ஃபியூஸைத் திரும்பப் போட வேண்டும். இவ்வகை வண்டிகள் பலவற்றில் அழுத்தம் 2.5 முதல் 3 பார் (3 பார் என்பது சுமார் 43 பி.எஸ்.ஐ). உங்கள் வண்டிக்கான அளவை சர்வீஸ் புத்தகத்தில் சரிபார்க்கவும்.

ஐடிலிங்கில் ஓடும்போது வேக்குவம் ஹோஸைக் கழற்றினால், அழுத்தம் ஏறக்குறைய அரை பார் உயர வேண்டும். உயரவில்லை என்றால், ஹோஸில் விரிசலோ அடைப்போ இருக்கிறதா என்று பாருங்கள். ஹோஸ் நன்றாக இருந்தால் ரெகுலேட்டரில்தான் கோளாறு. அழுத்தம் அளவுக்கு மேல் நின்றால், ரிட்டர்ன் குழாய் அடைப்பையும் பார்க்க வேண்டும்.

அழுத்தம் குறைவாக இருந்தால், ரிட்டர்ன் ரப்பர் ஹோஸை ஓரிரு நொடி மட்டும் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். அழுத்தம் ஏறினால் பம்ப் நல்ல நிலையில் இருக்கிறது; ரெகுலேட்டர்தான் கசிகிறது. ஏறாவிட்டால் ஃபில்டர் அடைப்பு அல்லது பம்ப் கோளாறு. பிளாஸ்டிக் குழாயை இப்படி அழுத்தக் கூடாது, உடைந்துவிடும்.

ரெகுலேட்டரை மாற்றும்போது, ஓ-ரிங்கையும் புதிதாகப் போட வேண்டும். இன்ஜின் ஆயிலில் பெட்ரோல் வாசனை வந்தால் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். பெட்ரோல் கலந்த ஆயில் பேரிங்குகளைத் தேய்த்துவிடும்.

புதிய கார்கள் பலவற்றில் ரெகுலேட்டர் டேங்குக்குள் பம்ப்போடு இருக்கும். அவற்றுக்கு வேக்குவம் ஹோஸ் சோதனை பொருந்தாது. காமன் ரெயில் டீசல் வண்டி, டிராக்டர்களில் இதை முயலவே கூடாது. அவற்றில் அழுத்தம் 1,000 பாரையும் தாண்டும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்துவிடும்.