சைலன்சரைக் கழற்றும் கையும் அதைக் கேட்கும் காதும்

யாழ்ப்பாணத்து இளைய தலைமுறை கெட்டுப்போய்விட்டது என்று பேச விரும்புவோருக்கு அண்மைக் காலத்தில் வாய்ப்பாக அகப்பட்டிருக்கும் பொருள் மோட்டார் சைக்கிளின் சைலன்சர். பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களிலும் சனசமூக நிலையக் கூட்டங்களிலும் போதைப்பொருள், வாள்வெட்டு, சைலன்சர் என்ற மூன்றும் ஒரே மூச்சில் உச்சரிக்கப்படுகின்றன. மறுபக்கத்தில் இளைஞர்களிடம் கேட்டால் "என்ர வண்டி, என்ர காசு, உங்களுக்கென்ன?" என்கிறார்கள். இவ்விரு கூற்றுகளும் அரைகுறையானவை என்பதே என் கருத்து. வாகனத்தைத் தன் கையால் கழற்றிப் பூட்டும் பிள்ளையின் கை பாதுகாக்கப்பட வேண்டியது. அவன் எழுப்பும் ஓசையோ கட்டுப்படுத்தப்பட வேண்டியது. இரண்டையும் பிரித்துப் பார்க்க நாம் பழகாததால் கையையும் சேர்த்துக் கட்டிப்போட முற்படுகிறோம்.

முதலில் சைலன்சர் என்பது என்ன என்பதைப் பார்ப்போம். என்ஜினின் அறைக்குள் எரிந்த வாயு, வால்வு திறந்ததும் பேரழுத்தத்துடன் வெளியே பாய்கிறது. அந்த அழுத்த அலையே நாம் கேட்கும் வெடியோசை. அதைத் துளையிட்ட குழாய்கள் வழியாகவும் தடுப்புத் தகடுகளுக்கிடையிலும் ஓடவிட்டு, விரிந்த அறைகளில் தணித்து, கண்ணாடி நாரில் உறிஞ்சவிட்டு வெளியே அனுப்புவதே இப்பெட்டியின் வேலை. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த மில்ரன் ரீவ்ஸ் என்பவர் 1897இல் இத்தகைய கருவிக்குக் காப்புரிமை பெற்றார். துப்பாக்கிக்குச் சைலன்சர் கண்டுபிடித்து 1909இல் காப்புரிமை பெற்ற ஹிராம் பேர்சி மக்சிம், அதே தத்துவத்தை மோட்டார் வாகனத்துக்கும் பயன்படுத்தினார். அவருடைய தந்தையார் ஹிராம் மக்சிம் தானியங்கி இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர் என்பதையும் வாசகர்கள் அறிந்திருக்கக்கூடும்.

சைலன்சரை மாற்றினால் வேகம் கூடும் என்ற நம்பிக்கை நம்மிடையே வலுவாக உண்டு. பந்தயக் காரைப் பொறுத்தவரை அதில் உண்மை இருக்கிறது. வாயு தடையின்றி வெளியேறினால் என்ஜின் இலகுவாக மூச்சுவிடும். ஆனால் தெருவில் ஓடும் சாதாரண வாகனத்தின் பின்பக்கப் பெட்டியை மட்டும் மாற்றுவதால் கிடைக்கும் வலு மிகச் சொற்பம். கூடுவது பெரும்பாலும் சத்தம் மட்டுமே. காபரேட்டர் உள்ள மோட்டார் சைக்கிளில் சைலன்சரின் உள்தகட்டைப் பிடுங்கிவிட்டு ஜெற்றை மாற்றாமல் ஓடினால், எரிபொருள் கலவை நலிந்து என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும். பழைய ரூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் நிலைமை இன்னும் மோசம். அவற்றில் சைலன்சர் குழாயின் வடிவமே அழுத்த அலையைத் திருப்பியனுப்பி, எரியாத கலவையைச் சிலிண்டருக்குள் மீண்டும் தள்ளுகிறது. அந்தக் குழாயை வெட்டியவன் தன் வண்டியின் வலுவையே வெட்டியவனாகிறான்.

ஸ்போர்ட்ஸ் கார்கள் குடாநாட்டு வீதிகளில் விரல்விட்டு எண்ணத்தக்கவை. இறக்குமதித் தீர்வை ஒரு காரணம். 2020 மார்ச்சில் வந்த வாகன இறக்குமதித் தடை, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது என்பது மற்றொன்று. எனினும் ரொறன்ரோ ஸ்காபரோவிலும் இலண்டனின் ஹரோவிலும் நம் உறவுகளின் பிள்ளைகள் வீட்டுக் கராஜில் காரை உயர்த்தி வைத்துப் புதிய புகைக்குழாய் பூட்டுவது புதுமையல்ல. அங்கிருந்து வரும் காணொளிகளைப் பார்த்து, இங்கே பழைய ஜப்பானியக் கார் வைத்திருக்கும் இளைஞரும் வீட்டு முற்றத்திலேயே அவ்வேலையைச் செய்யத் துணிகிறார்.

வேலை கடினமானதன்று; ஆனால் ஒழுங்கு வேண்டும். நமது கடற்காற்றின் உப்பினால் புகைக்குழாயின் நட்டுகள் துருவேறி இறுகியிருக்கும். முதல்நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைக்காவிட்டால் ஆணி முறியும். குழாயைத் தாங்கும் இறப்பர் வளையங்களைக் கழற்றச் சவர்க்கார நீர் உதவும். புதிய கஸ்கட் இட்டு, எல்லா நட்டுகளையும் முதலில் தளர்வாகப் பூட்டி, குழாய் எங்கும் முட்டாமல் தொங்குகிறதா என்று பார்த்தபின்பே இறுக்க வேண்டும். பின்னர் குளிர்ந்த என்ஜினை இயக்கி, பொருத்துகளில் சவர்க்கார நுரை தடவினால் கசிவுள்ள இடம் குமிழியிட்டுக் காட்டும்.

இதில் இரண்டு விடயங்கள் உயிரோடு தொடர்புடையவை. ஜக்கை மட்டும் நம்பிக் காரின் கீழே படுக்கக் கூடாது. முறையான தாங்கிகள் வேண்டும்; கல்லும் சீமெந்துக் கட்டியும் பாரத்தில் திடீரென நொறுங்கும். அடுத்தது, கசியும் புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குளிரூட்டியுடன் பயணிப்பவருக்குத் தலைவலியும் மயக்கமும் வந்தபின்பே அது தெரியவரும். சில வேளைகளில் தெரியாமலே போகும். நஞ்சைக் குறைக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டரை வெட்டியெறிவோர் தம் வீட்டார் சுவாசிக்கும் காற்றிலேயே அந்நஞ்சைக் கலக்கிறார்கள்.

இனி அந்தக் கையின் பூர்வீகத்துக்கு வருவோம். 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டதும் குடாநாட்டுக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டது. பெற்றோல் கிடைத்தால் பொன்விலை. மின்சாரமும் இல்லை. அக்காலத்தில் யாழ்ப்பாணத்து மோட்டார் சைக்கிள்களையும் ஒஸ்ரின், மொறிஸ் கார்களையும் ஓடவைத்தது மண்ணெண்ணெய். குளிர்ந்த என்ஜினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே 'சூப்பி' என்று நாம் அழைத்த சிறு பிளாஸ்ரிக் போத்தலால் சில துளி பெற்றோலைப் பீச்சி என்ஜினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பழைய பிரித்தானியக் கார்களின் அமுக்க விகிதம் ஏழுக்கு ஒன்று என்ற அளவில் தாழ்ந்திருந்ததால் அவை இந்த மட்டமான எரிபொருளைத் தாங்கின. அமுக்கம் கூடிய புதிய என்ஜின்கள் 'நொக்' அடித்துத் திணறின. கொழும்பில் பழைய இரும்பு விலைக்குப் போகவேண்டியிருந்த கார்கள் யாழ்ப்பாணத்தில் அரசோச்சியதன் இரகசியம் இதுதான்.

அதற்கும் விலை இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி என்ஜின் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். கரி படிந்து பிளக்கும் சைலன்சரும் அடைபடும். கரியைச் சுட்டும் தட்டியும் அகற்றும் வேலை வீட்டு முற்றங்களிலும் ஒழுங்கைக் கராஜ்களிலும் நடந்தது. எந்தக் கம்பனியின் கைநூலிலும் இல்லாத அறிவு அது. பிரசவ வேதனையில் இருந்த பெண்களும் காயம்பட்டவர்களும் வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தது இவ்வாறு மாற்றியமைக்கப்பட்ட வாகனங்களில்தான். வாகனத்தை மாற்றியமைப்பதே குற்றம் என்று இன்று கூறுவோர், அந்த ஆறு ஆண்டுகளை எவ்வாறு கடந்தோம் என்பதைச் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும். 2022இல் எரிபொருள் வரிசைகளிலும் கியூ.ஆர். பங்கீட்டிலும் நாடே திண்டாடியபோது, இதையெல்லாம் முன்னரே கண்டவர்கள் என்ற அலட்சியம் நம் ஊர் முதியவர் பலரிடம் தெரிந்தது. அது வெறும் பெருமையன்று. பழகிய கையின் தைரியம்.

ஆனால் அதே ஆண்டுகள் நமக்குப் பழகிய காதையும் தந்தன. ஹெலியா, பொம்மரா, பீப்பாய்க் குண்டுகளை உருட்டிவிடும் 'சகடை'யா என்று குழந்தைகள்கூட ஓசையைக் கொண்டே பிரித்தறிந்து பதுங்குகுழிக்கு ஓடிய காலம் அது. அந்தக் குழந்தைகளுக்கு இன்று நாற்பது வயது. அவர்களுடைய பெற்றோர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். உள்தகடு பிடுங்கிய சைலன்சர் நள்ளிரவில் ஒழுங்கைக்குள் வெடிக்கும்போது, நித்திரையிலிருந்து துள்ளியெழுந்து பிள்ளைகளை எண்ணிப்பார்க்கும் தாய்மார் இந்த ஊரில் இருக்கிறார்கள். வாள்வெட்டுக் கும்பல்கள் மோட்டார் சைக்கிள்களில் அணியாக வந்த ஆண்டுகள் அந்த அச்சத்தைப் புதுப்பித்தன. "என் காசு, என் வண்டி" என்னும் தம்பிமாருக்கு நான் கூற விரும்புவது இதுவே. வண்டி உங்களுடையது, காசும் உங்களுடையது. ஆனால் ஓசை உங்கள் படலையோடு நிற்பதில்லை. மதிலுக்கு அப்பால் போனபின் அதில் அயலவருக்கும் பங்குண்டு. டெசிபல் கணக்கில் பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். காதுக்கு ஏறக்குறைய இரு மடங்காகக் கேட்கும். அதைச் சுமப்பவர் ஓட்டுநர் மட்டுமல்லர்.

அப்படியானால் பொலிசார் பிடிக்கட்டும் என்பீர்கள். பிடிக்கத்தான் வேண்டும். சட்டவிரோதமாக மாற்றியமைக்கப்பட்ட வாகனங்களுக்கு எதிராக 2025இன் நடுப்பகுதியில் நாடளாவிய நடவடிக்கை அறிவிக்கப்பட்டபோது, அதிக ஓசையெழுப்பும் சைலன்சர்களும் அதில் அடங்கின. நோக்கத்தில் குறையில்லை. எதைக்கொண்டு அளக்கிறார்கள் என்பதே என் கேள்வி. வீதியில் நிற்கும் உத்தியோகத்தரின் காதுதான் அளவுகோல் என்றால், ஒரே வண்டி ஒரு சந்தியில் குற்றவாளியாகவும் அடுத்த சந்தியில் நிரபராதியாகவும் ஆகும். இடையில் என்ன கைமாறும் என்பதை வாசகரின் ஊகத்துக்கு விட்டுவிடுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் இக்கேள்விக்கு இன்னொரு கனமும் உண்டு. 2016 ஒக்டோபர் 20ஆம் திகதி இரவு, கொக்குவில் குளப்பிட்டிச் சந்தியில், மோட்டார் சைக்கிளில் சென்ற யாழ். பல்கலைக்கழக மாணவர் இருவர் பொலிசாரின் துப்பாக்கிப் பிரயோகச் சம்பவத்தில் உயிரிழந்தார்கள். முதலில் அது வீதி விபத்தென்றே கூறப்பட்டது. அதற்கும் சைலன்சருக்கும் தொடர்பில்லை. ஆயினும் இரவில் ஓர் இளைஞனை மோட்டார் சைக்கிளோடு மறிப்பது இம்மண்ணில் சாதாரண போக்குவரத்து அலுவலன்று என்பதை அது நமக்கு உணர்த்தியது. மறிப்பவரின் மொழி மறிக்கப்படுபவருக்கு விளங்காத வேளைகளில் அது இன்னும் சிக்கலாகிறது. எனவே, சட்டம் எவ்வளவு தெளிவாக அளந்து பேசுகிறதோ அவ்வளவுக்கு இருதரப்புக்கும் நன்மை.

அளப்பதற்கு வழியில்லாமல் இல்லை. நிற்கும் வாகனத்தின் ஓசையை அளக்க ஐ.எஸ்.ஓ. 5130 என்ற சர்வதேச முறை உண்டு. புகைக்குழாயின் வாயிலிருந்து அரை மீற்றர் தூரத்தில், 45 பாகைக் கோணத்தில் ஒலிவாங்கியை வைத்து, குறித்த சுழற்சி வேகத்தில் என்ஜினை இயக்கி அளப்பார்கள். பாரிஸ் நகரில் 2022இல் ஒலியை அளந்து வாகன இலக்கத்தைப் படம்பிடிக்கும் கருவிகளைப் பரீட்சார்த்தமாகப் பொருத்தினார்கள். கனடாவின் ஒன்ராறியோ மாகாண நெடுஞ்சாலைச் சட்டமோ, எவ்வகைச் சைலன்சர்கள் கூடாதென்று பெயர்சொல்லியே பட்டியலிடுகிறது. உள்ளீடு பிடுங்கியது, நேர்குழாய், 'ஹொலிவூட் மஃப்ளர்' என அப்பட்டியல் நீள்கிறது. விசாகப்பட்டினத்தில் 2024இல் பறிமுதல் செய்த சைலன்சர்களை வீதியில் அடுக்கி ரோட் ரோலரால் நசுக்கிக் காட்டினார்கள். படத்துக்கு அது அழகாக இருந்தது. அளவீட்டுக்கு ஈடாகாது.

நமக்கு வேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பவையல்ல. ஒவ்வொரு போக்குவரத்துப் பொலிஸ் பிரிவுக்கும் முறையாகச் சரிபார்க்கப்பட்ட ஒலிமானி ஒன்று வேண்டும். எத்தனை டெசிபல் அனுமதி, எத்தனை பதிவாயிற்று என்பது தமிழில் எழுதப்பட்ட சீட்டாகச் சாரதியின் கையில் கிடைக்க வேண்டும். முதல் தடவை அகப்பட்டவருக்குப் பழைய சைலன்சரை மீளப் பூட்டிக் காட்ட ஒரு தவணை கொடுக்கலாம். இரண்டாம் தடவை இரக்கம் வேண்டாம். இவற்றோடு, யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரி போன்ற நிறுவனங்கள் வார இறுதிகளில் இப்பிள்ளைகளுக்குப் பட்டறையைத் திறந்துவிட்டால் என்ன? ஒட்டுவேலையும் ஒலி அளவீடும் அங்கே முறையாகக் கற்கட்டும். அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் நல்ல குரல் கொண்ட சைலன்சரைச் செய்வது, தகட்டைப் பிடுங்கி எறிவதைவிடப் பன்மடங்கு கெட்டித்தனம் வேண்டும் வேலை. அந்தக் கெட்டித்தனத்துக்கு உள்ளூரிலும் புலம்பெயர் தேசங்களிலும் சம்பளம் உண்டு.

வாகனத்தில் கைவைக்காதே என்று பிள்ளையை அதட்டும் தகப்பன்மார், தம் தகப்பன்மார் சூப்பியும் சாவியுமாக முற்றத்தில் குந்தியிருந்ததை மறந்திருக்க மாட்டார்கள். அதட்டுவதற்குப் பதிலாக அருகில் போய் அமரலாம். தாங்கி சரியாக நிற்கிறதா என்று பார்க்கலாம். வேலை முடிந்து என்ஜின் கிளம்பியதும் படலைக்கு வெளியே போய், அடுத்த வீட்டு வேலியோரம் நின்று கேட்கச் சொல்லலாம். அங்கே நின்று அவன் கேட்கும் ஓசை, இருக்கையிலிருந்து கேட்ட ஓசையாக இராது.