கல் இருந்தால்தான் மரியாதையா?

ரோமாபுரிக்குப் போய்வந்த நம்மவர்கள் ஆப்பிய சாலையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். பேச வேண்டிய சாலைதான். நானும் அதில் கால் வலிக்க நடந்திருக்கிறேன். ஆனால் அங்கே மெய் சிலிர்த்த அதே மனிதர், திண்டிவனத்திலிருந்து மரக்காணத்துக்குப் பஸ்ஸில் போகும்போது பிரம்மதேசத்தில் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆப்பியஸ் கிளாடியஸ் என்ற அதிகாரி கி.மு. 312-ல் போட ஆரம்பித்த சாலை அது. கரிய எரிமலைக் கல் பாவியிருக்கிறது. வண்டிச் சக்கரம் தேய்த்த பள்ளம் இன்னும் தெரிகிறது. இருபுறமும் கல்லறைகள், குடைபோல் விரிந்த பைன் மரங்கள். இவ்வளவும் தானாகப் பிழைத்து நிற்கவில்லை. சாலையோரத்தை வளைத்துப் பங்களா கட்டியவர்களைக் கொள்ளைக் கூட்டம் என்று தலைப்பிலேயே வைது, அந்தோனியோ செதெர்னா என்பவர் 1953-ல் 'இல் மோந்தோ' என்ற வாரப் பத்திரிகையில் எழுதினார். எழுதிக்கொண்டே இருந்தார். 35 வருஷம் கழித்து, 1988-ல், சாலையைச் சுற்றிப் பூங்கா என்று சட்டம் வந்தது. 2024-ல் யுனெஸ்கோ அந்தச் சாலையை உலகப் பாரம்பரியச் சொத்து என்றது. பத்திரிகைக்காரன் எழுதி என்ன ஆகப்போகிறது என்று கேட்கிற நண்பர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

நம் பக்கம் என்ன இருக்கிறது? ஒரு பாட்டு இருக்கிறது. நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையைப் பாடப் புத்தகமாக மட்டும் பார்த்தவர்கள் அது ஒரு வழிகாட்டி என்பதை மறந்துவிடுகிறார்கள். நல்லியக்கோடனைப் பார்க்கப் போகிற பாணனுக்கு வழி சொல்கிறார் புலவர்: முதலில் எயிற்பட்டினம், பிறகு வேலூர், பிறகு ஆமூர், அதற்கப்பால் அரசனுடைய ஊர். எந்த ஊரில் யார் என்ன சோறு போடுவார்கள் என்பது வரைக்கும் இருக்கிறது. கடற்கரையில் கள்ளும் சுட்ட மீனும். வேலூரில் வேட்டுவர் வீட்டுப் புளிச்சோறு. ஆமூரில் உழவர் வீட்டு வெண்சோறும் நண்டும். எயிற்பட்டினத்துக் கரையில் அலை ஒதுக்கிய வாசனைக் கட்டைகள் படுத்துறங்கும் ஒட்டகங்களைப் போலக் கிடந்தனவாம். ஒட்டகம்! தமிழ்க் கடற்கரைக்கு அந்த உவமை எந்தக் கப்பலில் வந்தது என்று ஒரு நாவலாசிரியனாவது யோசித்தானா?

எயிற்பட்டினம் மரக்காணம் என்றும், கிரேக்க மாலுமி ஒருவன் எழுதிவைத்த சோபட்மா இதுதான் என்றும் அறிஞர் பலர் கருதுகிறார்கள். வேலூரை உப்புவேலூர் என்கிறார்கள். நல்லியக்கோடனின் கிடங்கில் இன்று திண்டிவனத்துக்குள் இருக்கிறது. பிரம்மதேசம் இந்தச் சீமையின் நடுவில் கிடக்கிறது. உப்பளத்து உப்பு உள்நாட்டுக்குப் போக அன்று உமணர் வண்டி, இன்று லாரி. உப்பு போன வழி என்பதால் ஒரு சாலைக்கு 'சலாரியா' என்றே பெயர் வைத்து, அந்தப் பெயரை இன்றும் விடாமல் வைத்திருக்கிறார்கள் ரோமர்கள். நாம்? நான் பார்த்த வரையில் ஒரு பலகை கிடையாது.

"அதெல்லாம் நிச்சயமில்லையே, சார்" என்பார் ஒரு பண்டிதர். நிச்சயமில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள், யார் வேண்டாமென்றது? "தார் ரோட்டில் பார்க்க என்ன இருக்கிறது?" என்பார் இன்னொருவர். கல் பாவியவனுக்கு மரியாதை, மண்ணில் வண்டி ஓட்டியவனுக்குக் கிடையாது என்பதுதானே இதற்கு அர்த்தம்?

மூன்றாவது ஆள்தான் அபாயமானவர். உடனே சரி என்று சொல்லி, சிமென்டில் யவனன் சிலையும் செயற்கை நீரூற்றும் வைத்து, டிக்கெட் போட்டுவிடுவார். புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் வீலர் 1945-ல் தோண்டிக் கண்டெடுத்த சரக்கு மண்ணுக்குள் இருந்தது. மேலே நிற்கிற செங்கல் சுவரோ 18-ஆம் நூற்றாண்டில் பாதிரிமார் கட்டியது. அதைத்தான் ரோமானியச் சுவர் என்று போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். சரியாக எழுதின ஒரு பலகை அந்தச் சிலைகள் எல்லாவற்றையும்விட மேல்.

நான் கேட்பது சாதாரண மைல் கல். மரக்காணத்தில் ஒன்று, உப்புவேலூரில் ஒன்று, கிடங்கிலில் ஒன்று. ஆமூர் எது என்று அறிஞர்கள் முடிவு செய்ததும் அங்கே ஒன்று. ஒவ்வொன்றிலும் பாட்டு அந்த ஊரைப் பற்றிச் சொன்ன செய்தியும், பாணனுக்குக் கிடைத்த சாப்பாடும் இருக்கட்டும். பிரம்மதேசத்தைப் பாட்டு சொல்லவில்லை. ஆகவே அங்கே கதை கட்ட வேண்டாம். கடல் எத்தனை கிலோமீட்டர், கிடங்கில் எத்தனை கிலோமீட்டர் என்று வெட்டிவைத்தால் போதும்.