மூச்சைக் கவனிப்பது பாவமா?



சென்ற மாதம் ஆராதனை முடிந்து சபையார் கலைந்துகொண்டிருந்த வேளையில் ஒரு சகோதரர் வெஸ்திரி வாசலில் என்னை நிறுத்தினார். தம் கைபேசியில் வந்திருந்த ஓர் ஊழியரின் குரல்பதிவை எனக்குப் போட்டுக் காட்டினார். மருத்துவமனைகளில் மைண்ட்ஃபுல்னெஸ் என்ற பெயரில் கற்பிக்கப்படுவது புத்தமதத் தியானமே. மனத்தை வெறுமையாக்குகிறவன் பிசாசுக்குக் கதவைத் திறந்துவிடுகிறான். அப்படிப்பட்ட ஆலோசகரிடம் போகிற விசுவாசி இன்றே நிறுத்தவேண்டும். இவ்வாறு அந்தக் குரல் முழங்கிற்று. சகோதரரின் மகளோ மூன்றாம் முறையாக மனச்சோர்வு நோயில் விழுந்து எழுந்துகொண்டிருப்பவள். மருத்துவர் மருந்து கொடுத்ததோடு ஓர் ஆலோசகரிடமும் அனுப்பியிருக்கிறார். அந்த ஆலோசகர் மூச்சைக் கவனிக்கக் கற்பிக்கிறார். "ஐயா, நிறுத்திவிடட்டுமா?" என்று தகப்பன் கேட்டார்.

வேண்டாம் என்றேன். வாசலில் நின்றபடி சொன்ன அந்த ஒரு சொல்லுக்குக் காரணம் காட்டக் கடமைப்பட்டிருக்கிறேன். தகப்பனும் மகளும் அனுமதித்ததால் இதை எழுதுகிறேன்.

குரல்பதிவில் உண்மை சிறிதும் இல்லை என்று சொல்லமாட்டேன். 1979ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-சின் என்பவர், தீராத வலியால் வருந்திய நோயாளிகளுக்காகப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். அதன் வேர் அவர் பயின்ற ஜென், விபாசனா தியான முறைகளில் இருந்தது. பௌத்தச் சொற்களை வேண்டுமென்றே தவிர்த்ததாக அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். ஆகவே "இதற்கும் மதத்திற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை" என்று சொல்லும் ஆலோசகர்கள் நம்மிடம் உண்மையை முழுவதும் சொல்லவில்லை. எங்கிருந்து வந்தது என்பதை நோயாளியிடம் மறைக்காமல் சொல்வதே நேர்மை. பௌத்தர்களுக்கும் இதில் மனக்குறை உண்டு. புத்தர் போதித்த எண்வகை மார்க்கத்தில் ஏழாவதை மட்டும் பறித்துக்கொண்டு, நல்ல சொல், நல்ல செய்கை, நல்ல பிழைப்பு ஆகியவற்றை விட்டுவிட்டார்கள் என்று அவர்களில் பலர் வருந்துகிறார்கள். அந்த வருத்தம் நியாயமானது.

ஆனால் மனத்தை வெறுமையாக்குதல் என்ற குற்றச்சாட்டு, அறியாமல் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு. இதற்காகப் பாலி மொழியில் வழங்கும் சொல் 'ஸதி'. (தமிழில் அதை எழுதினாலே சூழ்ச்சி என்று பொருள்படுகிறது; சிலருக்கு அந்தச் சாட்சியே போதுமானதாக இருக்கக்கூடும்!) அது வடமொழியின் 'ஸ்மிருதி'யோடு உறவுடைய சொல், நினைவு என்பதே அதன் வேர்ப்பொருள். மறந்துபோகாமல் விழித்திருத்தல் என்று கொள்ளலாம். கூட்டிப் பெருக்கி வெறுமையாக விடப்பட்ட வீட்டைப் பற்றி நம் ஆண்டவர் மத்தேயு 12இல் சொன்ன உவமையை இங்கே இழுத்துவந்து பொருத்துவது, வேதத்திற்கும் நியாயம் செய்யாது, பௌத்தத்திற்கும் நியாயம் செய்யாது.

அந்த மகள் கற்பது என்ன? பலமுறை மனச்சோர்வுக்கு ஆளானவர்களுக்கு, சாதாரணமாக எவருக்கும் வருகிற ஒரு மாலைநேரத் துக்கமே பழைய எண்ணங்களைத் தட்டி எழுப்பிவிடுகிறது. நான் எதற்கும் உதவாதவள், என்னால் எல்லாருக்கும் பாரம் என்ற எண்ணங்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரும். விழுந்தபின் எழுவது கடினம். எண்ணம் வந்தவுடனே இது ஓர் எண்ணம், இது உண்மை நிலவரம் அல்ல என்று கண்டுகொள்ளப் பழக்குவதே இச்சிகிச்சையின் மையம். மூச்சைக் கவனிப்பது அதற்கான அடிப்படைப் பயிற்சி. அலைகிற மனத்தைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்த ஓர் இடம். இந்தச் சிகிச்சையை வகுத்துத் தங்கள் நூலை 2002இல் வெளியிட்ட மூவரில் ஒருவரான மார்க் வில்லியம்ஸ் ஆங்கிலிக்கன் திருச்சபையின் குருவானவர் என்பதைக் குரல்பதிவு ஊழியர் அறிவாரோ என்னவோ. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்களுடைய முதல் பெரிய ஆய்வில், மூன்று முறையோ அதற்கு மேலோ நோய்ப்பட்டவர்களிடையே, நோய் திரும்பியவர்களின் விழுக்காடு 66இலிருந்து 37ஆகக் குறைந்தது. இரண்டு முறை மட்டுமே நோய்ப்பட்டவர்களுக்கு அப்படிப்பட்ட பயன் காணப்படவில்லை. பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகள் 8,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்விலும், வகுப்பு முழுவதற்கும் இதைக் கற்பித்ததால் குறிப்பிடத்தக்க நன்மை விளையவில்லை. எனவே இது சர்வரோக நிவாரணி அல்ல. இன்ன நோய்க்கு இன்ன மருந்து என்ற அளவில் ஒரு மருந்து.

சங்கீதம் 42ஐயும் 43ஐயும் சேர்த்து வாசித்துப் பாருங்கள். சங்கீதக்காரன் மூன்று முறை தன் ஆத்துமாவைத் தனக்கு எதிரே நிறுத்தி, நீ ஏன் இப்படிக் கலங்குகிறாய் என்று வினவுகிறான். துக்கத்தில் மூழ்கிக் கிடப்பவனால் அப்படிக் கேட்க முடியாது. ஓர் அடி விலகி நின்றவனாலேதான் முடியும். ஆலோசகர் கற்பிப்பதும் அந்த ஓர் அடியைத்தான்.

எனினும் சங்கீதக்காரன் அங்கே நின்றுவிடவில்லை. தேவனை நோக்கிக் காத்திரு என்று தன் ஆத்துமாவுக்குக் கட்டளையிடுகிறான். நாம் பௌத்தத்தைவிட்டுப் பிரிகிற இடம் இதுவே. மாறாத 'நான்' என்று ஒன்று இல்லை என்பது புத்தரின் உபதேசம். அந்த உபதேசத்தின்படி, முடிவில் ஆறுதல் பெறுவதற்கும் ஒருவர் இல்லை, ஆறுதல் தருவதற்கும் ஒருவர் இல்லை. நாமோ பேர்சொல்லி அழைக்கப்பட்டவர்கள். பெரும்பாலான ஆலோசகர்கள் அந்த உபதேசத்திற்குள் போவதே இல்லை. நூல்களும் கைபேசிச் செயலிகளும் சில சமயம் போகின்றன. அங்கே வேண்டாம் என்று சொல்ல நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

இன்னொரு இடத்திலும் எனக்குத் தயக்கம் உண்டு. நல்லது கெட்டது என்று தீர்க்காமல் கவனி என்பது இப்பயிற்சியின் விதி. செய்யாத குற்றத்திற்குத் தன்னையே தண்டித்துக்கொள்ளும் அந்த மகளுக்கு இது மருந்து. தம்பியின் பங்கு நிலத்தைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டு உறக்கம் வராமல் தவிக்கிற அண்ணனுக்கு? அவனுடைய தவிப்பு கடந்துபோகிற மேகம் அல்ல. அவன் அதைக் கவனித்துக்கொண்டிருந்தால் போதாது. சகேயு நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கத் துணிந்தான். அதற்கு முன்னே அவனுக்கு மனஅமைதி கொடுக்கிற எந்த முறையும், பௌத்தமானாலும் நம்முடைய ஜெபக்கூட்டமானாலும், அவனை ஏமாற்றுகிறது. ஊழியர்களை இரவு பகலாக வேலை வாங்கிவிட்டு மூச்சுப்பயிற்சி வகுப்பு நடத்துகிற நிறுவனங்களுக்கும் இதையே சொல்வேன்.

இப்பொழுது நம்மைப் பற்றி. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், வேறொரு சேகரத்தில், தூக்கமில்லாமல் அழுதுகொண்டிருந்த ஒரு தாய் என்னிடம் வந்தார். பத்து நிமிடம்கூடக் கேட்கவில்லை நான். விசுவாசம் குறைந்திருக்கிறது என்றேன். உபவாச ஜெபத்திற்கு வரச் சொன்னேன். மாத்திரையை நம்புகிறீர்களா, கர்த்தரை நம்புகிறீர்களா என்றும் கேட்டேன். அவர் மாத்திரையை நிறுத்தினார். நான்கு மாதங்களுக்குள் மருத்துவமனைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவரைக் கண்டேன். கர்த்தருடைய கிருபையால் பிழைத்தார். அதன்பின் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அந்தக் குரல்பதிவில் நான் கேட்டது என் பழைய குரலையே.

சாகவேண்டும் என்று கேட்டுச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்துக்கொண்ட எலியாவுக்குத் தேவன் பிரசங்கம் செய்யவில்லை. தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் தூங்கவிட்டார். பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது. அதுவும், உனக்கு இங்கே என்ன காரியம் என்ற கேள்வியாக. வாரம் ஒரு மணிநேரம் குறுக்கே பேசாமல் கேட்கிற ஒருவரைத் தேடி நம் பிள்ளைகள் வெளியே போகிறார்களென்றால், சபைக்குள் அப்படிக் கேட்பவர் கிடைக்காததாலே போகிறார்கள். அவர் கற்பிக்கும் பயிற்சி புத்தரிடமிருந்து வந்தது என்று கோபப்படுவதற்கு நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

சகோதரரின் மகள் வகுப்பைத் தொடர்கிறாள். பயிற்சி முடிந்ததும் 42ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசிப்பதாகச் சொன்னாள். அது அவளாகவே கண்டுபிடித்தது. உங்களில் எவரேனும் சிகிச்சையில் இருந்தால், மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தாதிருங்கள். யாரோ அனுப்பிய குரல்பதிவுக்காக நிறுத்தாதிருங்கள். என் பேச்சுக்காகவும் நிறுத்தாதிருங்கள். புதன்கிழமை மாலை 5 மணிமுதல் வெஸ்திரியில் இருப்பேன். வருகிறவர்கள் பேசலாம், பேசாமலும் உட்கார்ந்திருக்கலாம். கேட்டாலொழிய ஆலோசனை சொல்லமாட்டேன்.